பதினோராவது தோட்டா

மேகசின் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? இதோ, இப்போது உங்கள் கையில் இருக்கிறதே, இந்த மாதிரி ஒரு சமாசாரம். நடுப்பக்கத்தில் பின் அடித்து, அட்டையில் கலர் படம் போட்டு, வாராவாரம் பெட்டிக்கடையில் தொங்குவது. அமெரிக்காவில் ஒருத்தர், 'நான் ஆர்டர் பண்ணின மேகசின் இன்னும் வரலையே' என்று புலம்பினால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அவர் படிக்கிற ஆசாமியா, சுடுகிற ஆசாமியா என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டுக்கும் பூர்வீகம் ஒன்றுதான். அரபு மொழியில் 'மக்ஸன்' என்றால் கிடங்கு. அந்தச் சொல் ஐரோப்பாவுக்குப் போய், சரக்கு வைக்கிற கிடங்கு, வெடிமருந்து வைக்கிற கிடங்கு என்று வளர்ந்தது. கட்டுரைகளைச் சேர்த்துவைக்கிற கிடங்கு பத்திரிகையானது. தோட்டாக்களைச் சேர்த்துவைக்கிற கிடங்கு, துப்பாக்கியின் வயிற்றில் செருகுகிற பெட்டியானது.

நாம் பார்க்கப்போவது அந்த இரண்டாவது ஆசாமியை.

பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. தகரத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு கூடு. உள்ளே ஒரு ஸ்பிரிங். அதன்மேல் தோட்டாவைத் தூக்கிக் கொடுக்க ஒரு குட்டி மேடை. அடியில் ஒரு மூடி. அவ்வளவுதான், நாலே பாகம். பத்துப் பதினைந்து டாலருக்கே கிடைக்கும். இந்தப் பெட்டிக்குள் பத்து தோட்டா இருக்கலாமா, பதினொன்று இருக்கலாமா? இந்த ஒரு கேள்விக்காக அமெரிக்காவில் முப்பத்தைந்து வருடங்களுக்கும் மேலாக சட்டசபைகளும் நீதிமன்றங்களும் கடைக்காரர்களும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். ஏனெனில் அந்தப் பதினோராவது தோட்டாவுக்குப் பின்னால் நிறைய சாவுகள் இருக்கின்றன.

முதலில் பார்சல் கதை.

1963-ல் ஜனாதிபதி கென்னடியைச் சுட்ட துப்பாக்கி, தபாலில் வந்தது. சிகாகோவில் இருந்த ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு, பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, பொய்ப் பெயரில் பணம் அனுப்பினார் ஆஸ்வால்ட். துப்பாக்கி 19 டாலர் 95 சென்ட். தபால் செலவு ஒன்றரை டாலர். தீர்ந்தது விஷயம். அதன் பிறகும் அமெரிக்க நாடாளுமன்றம் சாவகாசமாக ஐந்து வருடம் யோசித்து, 1968-ல் ஒரு சட்டம் போட்டது. இனி மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கியை நேரடியாக வீட்டுக்கு அனுப்பக்கூடாது. லைசென்ஸ் உள்ள வியாபாரிக்குத்தான் அனுப்பலாம். வாங்குகிறவர் அங்கே போய்ப் படிவம் நிரப்பி எடுத்துக்கொள்ளவேண்டியது.

நல்ல சட்டம்தான். ஆனால் துப்பாக்கிக்குத்தான் அது. மேகசின், துப்பாக்கி இல்லையே? அது வெறும் உதிரி பாகம். அதற்குப் பதிவு எண் கிடையாது. படிவம் கிடையாது. சட்டை, செருப்பு மாதிரி அதுவும் ஒரு பார்சல். தடை இல்லாத மாநிலத்தில் காலிங்பெல் அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பெட்டியின் கொள்ளளவுக்குக் கட்டுப்பாடு வைக்கவேண்டும் என்கிற எண்ணம் புதிது என்று நினைத்துவிடாதீர்கள். மதுவிலக்குக் காலத்தில், சிகாகோ தாதாக்கள் ஐம்பது தோட்டா கொள்ளும் வட்டப்பெட்டி மாட்டிய தாம்ஸன் துப்பாக்கியோடு திரிந்த நாள்களிலேயே வந்துவிட்டது. 1927-ல் மிச்சிகன் மாநிலம், மறுபடி நிரப்பாமல் பதினாறு முறைக்கு மேல் சுடக்கூடிய துப்பாக்கிகளை விற்கத் தடை போட்டது. அதே வருடம் ரோட் ஐலண்ட் வைத்த கணக்கு, பன்னிரண்டு. இரண்டு சட்டங்களும் பிற்பாடு கைவிடப்பட்டன. தாதாக்கள் போய்விட்டார்கள், இனி எதற்கு என்று நினைத்திருக்கலாம்.

1989 ஜனவரி 17. கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் என்கிற ஊர். இடைவேளையில் விளையாடிக்கொண்டிருந்த பள்ளிக் குழந்தைகளை நோக்கி ஒருவன் ஏ.கே. ரகத் துப்பாக்கியால் சுட்டான். அவனிடம் இருந்த வட்டப்பெட்டியின் கொள்ளளவு 75. ஐந்து குழந்தைகள் செத்துப்போனார்கள். கம்போடியாவிலும் வியட்நாமிலும் யுத்தத்துக்குத் தப்பி, உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள்.

அந்த வருடமே கலிஃபோர்னியா குறிப்பிட்ட ரகத் துப்பாக்கிகளுக்குத் தடை கொண்டுவந்தது. 1990-ல் நியூ ஜெர்சி, மேகசினுக்குப் பதினைந்து தோட்டாதான் உச்சவரம்பு என்றது.

அடுத்து, 1993 டிசம்பர் 7. நியூயார்க்கிலிருந்து லாங் ஐலண்டுக்குப் போகும் மாலை ரயில். ஆபீஸ் விட்டுப் போகிற கூட்டம். பதினைந்து தோட்டா கொள்ளும் மேகசின் போட்ட கைத்துப்பாக்கியோடு ஒருவன் எழுந்தான். இருக்கை வரிசைகளுக்கு நடுவே நடந்தபடியே இடமும் வலமும் சுட்டுக்கொண்டு போனான். ஒரு மேகசின் தீர்ந்தது. மாற்றினான். இரண்டாவதும் தீர்ந்தது. மூன்றாவதை மாட்டப் போன அந்த இடைவெளியில்தான் மூன்று பயணிகள் பாய்ந்து அவனை அமுக்கிப் பிடித்தார்கள். அதற்குள் ஆறு பேர் உயிர் போயாகிவிட்டது. பத்தொன்பது பேருக்குக் காயம்.

இந்த இடைவெளியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கதையும் இதில்தான் இருக்கிறது.

இறந்த ஆறு பேரில் ஒருவருடைய மனைவி, கரோலின் மெக்கார்த்தி. நர்ஸாக வேலை பார்த்தவர். மகனுக்கும் பலத்த காயம். அரசியல் வாடையே இல்லாத அந்தப் பெண்மணி, தன் தொகுதி எம்.பி. துப்பாக்கித் தடையை நீக்க ஓட்டுப் போட்டார் என்று தெரிந்ததும், 1996-ல் அவரை எதிர்த்தே நின்றார். ஜெயித்தும் காட்டினார். பதினெட்டு வருடம் நாடாளுமன்றத்தில் இருந்தார்.

அவர் எதிர்த்து நின்றது எந்தத் தடையை நீக்குவதை? 1994 செப்டம்பர் 13-ல் பில் கிளிண்டன் கையெழுத்துப் போட்ட தடையை. பத்து தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் இனி நாடு முழுக்கக் கூடாது. ஆனால் சட்டத்தில் இரண்டு ஓட்டை இருந்தது. ஒன்று, ஏற்கெனவே தயாரானவற்றுக்குத் தடை கிடையாது. விற்கலாம், வாங்கலாம், அனுப்பலாம். இரண்டு, சட்டத்துக்கு ஆயுசு பத்தே வருடம்.

நான் பி.காம். படித்தவன். ஒரு சரக்குக்குத் தேதி குறித்துத் தடை போட்டால், அந்தத் தேதிக்குள் உற்பத்தியும் அதன்பின் விலையும் ஏறும் என்பது முதல் வருடப் பாடம். அதேதான் நடந்தது. பழைய சரக்குக்குக் கிராக்கி ஏறியது. வெளிநாடுகளில் பழையதாகக் கிடந்த மேகசின்கள் சட்டப்படியே லட்சக்கணக்கில் கப்பலேறி வந்தன.

2004 செப்டம்பர் 13. பத்து வருடம் முடிந்தது. நாடாளுமன்றம் புதுப்பிக்கவில்லை. தடை செத்தது.

2011 ஜனவரி 8. அரிசோனாவில் டூஸான் நகரம். ஒரு மளிகை அங்காடி வாசலில் பெண் எம்.பி. கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் பொதுமக்களைச் சந்தித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஒருவன் வந்து சுட்டான். கைத்துப்பாக்கிதான். ஆனால் அதில் மாட்டியிருந்த மேகசின் 33 தோட்டா கொள்வது. எம்.பி.க்குத் தலையில் குண்டு பாய்ந்தது, பிழைத்தார். ஆறு பேர் பிழைக்கவில்லை. அதில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியும் உண்டு. அவன் அடுத்த மேகசினை எடுத்தபோதுதான், ஓய்வுபெற்ற ராணுவ கர்னல் உள்ளிட்ட சிலர் அவனைக் கீழே தள்ளினார்கள். 61 வயதுப் பெண்மணி ஒருவர் அந்த மேகசினை அவனுக்குக் கிடைக்காமல் பறித்துவிட்டார்.

கவனித்தீர்களா? மறுபடியும் அதே இடைவெளி.

மெக்கார்த்தி உடனே ஒரு மசோதா கொண்டுவந்தார். பத்துக்கு மேல் கூடாது என்று. நிறைவேறவில்லை. 2012-ல் கனெக்டிகட்டின் சாண்டி ஹுக் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். முப்பது தோட்டா மேகசின்கள். சில நிமிடங்களில் 150-க்கும் மேற்பட்ட குண்டுகள். சுட்டவன் நிறுத்திய ஒரு கணத்தில் பதினொரு குழந்தைகள் தப்பித்து ஓடின என்றும், முப்பதுக்குப் பதில் பத்து என்று இருந்திருந்தால் இன்னும் எத்தனை பிள்ளைகள் ஓடியிருக்கும் என்றும் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் கேட்டார்கள். வாஷிங்டனில் அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை.

மத்திய அரசு செய்யாவிட்டால் என்ன, நாம் செய்வோம் என்று மாநிலங்கள் இறங்கின. இங்கேதான் குழப்பம் ஆரம்பம்.

நியூயார்க் 2013-ல், பத்து கொள்ளும் பெட்டியாக இருந்தாலும் ஏழுதான் நிரப்பலாம் என்றது. கோர்ட் அந்த ஏழை மட்டும் அடித்துவிட்டது. கொலராடோவில் பதினைந்து. வெர்மாண்டில் நீளத் துப்பாக்கிக்குப் பத்து, கைத்துப்பாக்கிக்குப் பதினைந்து. டெலவேரில் பதினேழு. மேரிலாண்ட் கதை இன்னும் வேடிக்கை. மாநிலத்துக்குள் விற்கக்கூடாது. ஆனால் வைத்திருக்கலாம். பக்கத்து பென்சில்வேனியாவுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தாலும் குற்றமில்லை!

போதாக்குறைக்கு ஊர்ச் சட்டங்கள் வேறு. நம்மூர் சாஃப்ட்வேர் பிள்ளைகள் ஏராளமாக வசிக்கிற சன்னிவேல் இருக்கிறதே, அந்த ஊர் மக்கள் 2013 நவம்பரில் ஓட்டுப் போட்டே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் 2000-லிருந்து விற்பனையைத்தான் தடுத்தது. சன்னிவேல், வைத்திருப்பதே கூடாது என்றது. தொண்ணூறு நாள் கெடு. அதற்குள் ஊருக்கு வெளியே கொண்டுபோ, அல்லது லைசென்ஸ் வியாபாரியிடம் விற்றுவிடு, அல்லது போலீசில் கொடு.

தபாலில் வியாபாரம் செய்கிறவன் பாடு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். ஆர்டர் வந்ததும் முதலில் பார்க்கவேண்டியது பெயரை அல்ல, பின்கோடை. எந்த மாநிலம், அதில் எந்த ஊர், அங்கே எத்தனை தோட்டா, கைத்துப்பாக்கிக்கா, ரைஃபிளுக்கா? பல கடைக்காரர்கள் 'இந்த இடங்களுக்கு அனுப்புவதில்லை' என்று நீளப் பட்டியலே வைத்தார்கள். சிலர் வேறு வழி பார்த்தார்கள். முழு மேகசினைத்தானே அனுப்பக்கூடாது? நாலு பாகத்தையும் கழற்றி ஒரே பையில் போட்டு, 'ரிப்பேர் கிட்' என்று பெயர் ஒட்டி அனுப்பினால்? வீட்டில் பிரித்துக் கோத்துக்கொண்டால் முப்பது தோட்டா மேகசின் தயார். 2014-லிருந்து இதற்கும் கலிஃபோர்னியா தடை போட்டது. அப்படியும் நிற்கவில்லை என்று 2017 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ நகர வழக்கறிஞரே சில கடைகள்மீது வழக்குப் போடவேண்டி வந்தது.

இந்தக் கூத்தின் உச்சம் 2019 மார்ச் 29.

அன்று வெள்ளிக்கிழமை. சான் டியேகோவில் நீதிபதி ரோஜர் பெனிடெஸ் ஒரு தீர்ப்புச் சொன்னார். மேகசின் தடை அரசியல் சட்டத்துக்கு விரோதம். செல்லாது. வீட்டில் இருந்த பெண்கள், கொள்ளையர் புகுந்து, தற்காப்புக்குச் சுட்ட சம்பவங்களைத் தீர்ப்பில் அவர் விவரித்தார். நடுவில் தோட்டா தீர்ந்துபோனால் அவர்கள் கதி என்ன என்பது அவருடைய கேள்வி. அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல அது.

தீர்ப்பு வந்ததுதான் தாமதம். பத்தொன்பது வருடமாகச் சாத்தியிருந்த கதவு திறந்துவிட்டது. எப்போது மறுபடி மூடும் என்று யாருக்கும் தெரியாது. நாடு முழுவதிலுமிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பார்சல்கள் பறந்தன. பல கடைகளில் கையிருப்பு காலி. வாங்கியவர்கள் அதற்கு 'சுதந்திர வாரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மாநில அரசு மேல்முறையீட்டுக்கு ஓட, ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு கதவை மூடினார் அதே நீதிபதி. ஆனால், அந்த ஏழு நாளில் வாங்கியவர்கள், விற்றவர்கள், வரவழைத்தவர்கள்மீது சட்டம் பாயாது என்றும் எழுதிவைத்தார்.

இங்கே காமர்ஸ் மாணவனுக்கு ஒரு சந்தேகம் வரும். பணம் கட்டியாகிவிட்டது, சரக்கு இன்னும் லாரியில் இருக்கிறது, மணி ஐந்து அடித்துவிட்டது என்றால், அவர் 'வாங்கிவிட்டாரா', இல்லையா? கல்லூரியில் இதைப் பரீட்சைக்குப் படித்து மறந்துவிட்டோம். அங்கே பார்சலுக்குக் காத்திருந்தவர்களுக்கு அது பரீட்சைக் கேள்வி அல்ல.

ஏழு நாளே கூத்து என்றால், வாஷிங்டன் மாநிலத்தில் நடந்ததை என்ன சொல்ல? அங்கே 2022 ஜூலையிலிருந்து பத்துக்கு மேற்பட்ட மேகசின் விற்பனைக்குத் தடை. கெல்ஸோ என்ற சிற்றூரில் ஒரு துப்பாக்கிக் கடைமீது, தடையை மீறி விற்றதாக மாநில அரசு வழக்குப் போட்டது. 2024 ஏப்ரல் 8-ம் தேதி உள்ளூர் நீதிபதி, சட்டமே செல்லாது என்று தூக்கிப் போட்டார். உடனே விற்பனை ஆரம்பம். மேல் நீதிமன்றத்திலிருந்து தடை உத்தரவு வர எவ்வளவு நேரமாயிற்று தெரியுமா? 88 நிமிடம். ஒரு சினிமா அளவுகூட இல்லை. 2025 மே 8-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

சரி, இவ்வளவு பாடுபட்டுப் போடுகிற வேலி பயிரைக் காக்கிறதா?

2019 ஜூலை 28. கலிஃபோர்னியாவில் கில்ராய் பூண்டுத் திருவிழா. சுட்டவன் துப்பாக்கி வாங்கியது பக்கத்து நெவாடாவில். அவனிடம் 75 தோட்டா வட்டப்பெட்டி இருந்தது. மூன்று பேர் செத்தார்கள். ஸ்டாக்டன் நடந்து முப்பது வருடம் கழித்து, அதே மாநிலத்தில், அதே அளவு பெட்டி. கலிஃபோர்னியா எல்லைச் சாலைகளில் சோதனைச் சாவடி இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே கேட்கிற கேள்வி, 'ஆரஞ்சுப்பழம், செடி கொடி ஏதாவது வைத்திருக்கிறீர்களா?' என்பது. பயிருக்குப் பூச்சி வந்துவிடக்கூடாதாம்!

இதைவிட வேதனை, ஹைலண்ட் பார்க். சிகாகோவுக்குப் பக்கத்தில் ஏரிக்கரை ஊர். 2013-ல் தங்கள் எல்லைக்குள் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளும் பத்துக்கு மேற்பட்ட மேகசின்களும் கூடாது என்று ஊர்ச் சட்டம் போட்டார்கள். வழக்கு வந்தது. 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். இந்தச் சட்டத்தால் மக்கள் தங்களைப் பாதுகாப்பாக உணர்ந்தால் அதுவே ஒரு பலன்தான் என்கிற ரீதியில் நீதிபதி எழுதினார். உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

2022 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். அதே ஹைலண்ட் பார்க்கில் ஊர்வலம் பார்க்க நின்ற கூட்டத்தின்மீது ஒருவன் மாடியிலிருந்து சுட்டான். முப்பது தோட்டா மேகசின்கள். 83 குண்டுகள். ஏழு பேர் பலி. துப்பாக்கி, இலினாய் மாநிலத்துக்குள்ளேயே, அப்போதைய மாநிலச் சட்டப்படி வாங்கியதுதான். ஊர் எல்லை தாண்டினால் ஊர்ச் சட்டம் காகிதம். அதன்பிறகுதான், 2023 ஜனவரி 10-ல், மாநிலம் முழுமைக்கும் தடை வந்தது. நீளத் துப்பாக்கிக்குப் பத்து, கைத்துப்பாக்கிக்குப் பதினைந்து.

'பார்த்தீர்களா, சட்டத்தால் பிரயோஜனமில்லை' என்பார்கள் ஒரு தரப்பினர். 'பார்த்தீர்களா, ஒரு ஊர், ஒரு மாநிலம் போட்டால் போதாது, நாடு முழுக்கப் போடவேண்டும்' என்பார்கள் இன்னொரு தரப்பினர். ஒரே சம்பவம். அதிலிருந்து நேரெதிரான இரண்டு பாடங்கள்!

நீதிமன்றமோ இப்போது சரித்திரப் புத்தகம் புரட்டிக்கொண்டிருக்கிறது. நிஜமாகத்தான். 2022 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம், ஆயுதச் சட்டம் எதுவானாலும் நாட்டின் பழைய மரபோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டது. ஒரு தரப்பு, 1780 வாக்கிலேயே ஆஸ்திரியாவில் இருபது குண்டு கொள்ளும் காற்றுத் துப்பாக்கி இருந்ததே என்கிறது. மறு தரப்பு, 1837-லேயே அலபாமா மாநிலம் போவி கத்தி விற்பனைக்கு நூறு டாலர் வரி போட்டதே என்கிறது. பெனிடெஸ் 2023 செப்டம்பரில் மறுபடியும் தடை செல்லாது என்றார். 2025 மார்ச் 20-ம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏழுக்கு நான்கு என்று அதை மாற்றி, தடை செல்லும் என்றது. பெரிய மேகசின், ஆயுதமே அல்ல, துணைச் சாமான் என்பது பெரும்பான்மையின் கட்சி. அதை ஒப்புக்கொள்ளாத நீதிபதி ஒருவர் என்ன செய்தார் தெரியுமா? தன் அறையில் துப்பாக்கிகளை வைத்து, கழற்றி மாட்டிக் காட்டி, தன் மாறுபட்ட தீர்ப்பை வீடியோவாகவே வெளியிட்டார்!

நமக்குச் சிரிப்பு வருகிறது. புதுச்சேரி பாட்டில் கதையெல்லாம் பார்த்தவர்கள் நாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் வியாபாரம் என்றால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஆனாலும் ஒன்று. பழகியவன் மேகசின் மாற்ற இரண்டு மூன்று வினாடி போதும், அதற்குள் யார் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் டூஸானில் இருக்கிறது. அதுவரை வாய் மூடாத துப்பாக்கி ஒரு கணம் ஓய்ந்தபோது, எதிரே இருந்தவர்கள் போலீசோ கமாண்டோவோ அல்லர். எம்.பி.யைப் பார்க்க வந்த சாதாரண ஜனம். தள்ளியவர் ஓய்வுபெற்ற கிழவர். பறித்தவர் 61 வயதுப் பெண்மணி. அந்த ஓய்வு பத்தாவது தோட்டாவோடு வந்திருந்தால் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று யாராலும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அது வந்தது முதல் மேகசின் காலியான பிறகு என்பது மட்டும் நிச்சயம்.

அந்தப் பெண்மணி கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த பொருளுக்குப் பதிவு எண் இல்லை. படிவம் இல்லை. ஒரு கூடு, ஒரு ஸ்பிரிங், ஒரு மேடை, ஒரு மூடி.